பயம் வந்தால் சிரிக்கிற அக்கா

அந்த அக்கா சிரிக்கத் தொடங்கினால் எனக்குப் பயமாகிவிடும். தொண்டை முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வர, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கேட்பவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அது எப்போது வருகிற சிரிப்பு என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த வீட்டில் நான் நிம்மதியாக இருந்ததில்லை.

லண்டனில் மிச்சம் என்று பெயர் கொண்ட ஒரு பகுதியில் பழைய வீடு. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. மாடியில் மூன்று அறைகள், மூன்றிலும் பெண்கள். ஒன்றில் நான், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். பின்னறையில் சூஜின். கொரியாவிலிருந்து சினிமா படிக்க வந்த பெண். நடு அறையில் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் ஆகவில்லை. “எல்லாரும் கட்டிக்கொண்டு போயிட்டினம். நான் மட்டும் மிச்சத்தில மிச்சமா இருக்கிறன்” என்று அவரே சொல்வார்.

அக்காவுக்குப் பக்கத்து டூட்டிங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, வளைத்து, நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று என் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டை ஓரத்தில் துடைத்து மறுபடி மாட்டிவிடுவார். ஆட்களைக் கண்ணாடியை வைத்தே எடைபோடுவார். “மூக்கில தழும்பு ஆழமா விழுந்திருந்தா ஆள் பிடிவாதம். பிறேமைக் கழட்டி வாயில வைச்சுக் கடிக்கிறவர் தாய்க்குச் செல்லப்பிள்ளை.” சிப்ஸ் வாங்கி வந்தால் அதன் மேல் தேங்காய்ச் சம்பல் போட்டுச் சாப்பிடுவார். என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அந்தச் சொல்லை நாடகத்தில் மட்டுமே கேட்டிருந்த எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது.

நான் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டது. சுவாலை அடுப்புக்கு மேலிருந்த அலமாரி வரை எழும்பியது. அக்கா கரண்டியும் கையுமாக நின்று சிரித்தார். “ஐயோ பாரும், எப்பிடி எரியுது பாரும்!” நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, பெரிய மூடியை எடுத்துச் சட்டியின் மேல் போட்டேன். தீ அடங்கிய பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குத் தீயைவிட இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

கல்யாணத்துக்கு ஆள் தேடும் பொறுப்பை யாருக்கும் விடாமல் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு செயலி. அதில் பேசிப் பழகிய ஆட்களைப் பார்க்க மாதத்தில் ஒரு நாளாவது போவார். போன இடத்திலெல்லாம் ஏதாவது நடக்கும். திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்து கதை சொல்வார். நானும் சூஜினும் ஆளுக்கொரு கோப்பை தேநீரோடு காத்திருப்போம். எனக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் தமிழ், சூஜினுக்காகக் கொஞ்சம் ஆங்கிலம், நடுநடுவே நடிப்பு.

கிங்ஸ்பரியில் ஒருவர் சாப்பாட்டுக் கடைக்கு வரச்சொல்லியிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு அம்மாவும் இரண்டு பெண்களும். சாப்பாடு வந்ததும் அந்த அம்மா எட்டி, அக்காவின் தட்டில் ஒரு கரண்டி கறி வைத்தாராம். “அம்மா, தெரியாத மாதிரி இருங்கோ எண்டு சொன்னனான் எல்லே!” என்று மகன் பல்லைக் கடித்ததை அக்கா நடித்துக் காட்டியபோது சூஜின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தவர் சிங்கப்பூர்க்காரர், நல்ல வேலையில் இருந்தவர். பூங்காவில் மிதிபடகுக்குக் கூட்டிப்போனார். ஏரியின் நடுவில் படகு நின்றுவிட்டது. அந்த ஆள் மிதிப்பதை விட்டுவிட்டு, பிரிந்துபோன மனைவியை நினைத்து எழும்பி நின்று அழத் தொடங்கிவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்ததாம். பூங்காக் காவலர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்களாம். அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மேசையைத் தட்டிய கையை அப்போதுதான் கவனித்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்து தோல் கிழிந்திருந்தது.

“அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“எனக்கோ? குளிக்கிற தொட்டியிலயே பயம்!” என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்.

சட்டி எரிந்த நாள் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பேன்.

குளிர் தொடங்கிய சமயம் அக்கா இன்னொருவரைப் பார்க்கப் போனார். யாழ்ப்பாணக் குடும்பம், சின்ன வயதிலேயே இங்கே வந்தவர், கணக்காளர். டூட்டிங்கில் ஒரு தோசைக் கடை. நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார், சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார். ஒன்றுமே தவறாகப் போகவில்லை. எழுந்திருக்கும்போது சொன்னாராம், “உங்கட பச்சைக் கதவுக்குப் பக்கத்தில நிக்கிற ரோசாச் செடியை வெட்டிவிடவேணும். அப்பத்தான் வசந்தத்துக்கு வடிவாப் பூக்கும்.”

அக்கா அவரிடம் வீடு எங்கே என்று சொன்னதே இல்லை. ஊர்ப்பெயரைக்கூடச் சொல்லவில்லை.

“எங்கட கதவு பச்சை எண்டு அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தீரே!” அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி இருமல் வந்தது. சூஜினும் சேர்ந்து சிரித்தாள். நான் எழுந்துபோய்க் கீழே வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

வேண்டாம் என்று அக்கா தெளிவாகவே எழுதி அனுப்பினார். பதில் வந்தது. “பரவாயில்லை. நான் காத்திருக்கிறன்.”

அடுத்த சனிக்கிழமை அந்தக் கணக்காளர் அக்காவின் கடைக்கு வந்தார். கண்ணாடியின் கால், காதில் மாட்டுகிற பகுதி, வளைந்திருந்தது. சரிசெய்து கொடுத்தார் அக்கா. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதே கால், அதே வளைவு. “கையால வளைச்சுக்கொண்டு வாறார். எனக்குத் தெரியாதோ? உலோகம் பாத்தாலே தெரியும்.” கடை மேலாளருக்கு அவர் நல்ல வாடிக்கையாளர். வேறு யாராவது சரிசெய்ய வந்தால், அவசரமில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அக்காதான் அவர் முகத்துக்கு அருகே குனிந்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் அவர் கண்ணை மூடிக்கொள்வாராம்.

இதையும் அக்கா சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஏந்தி, அவரைப் போலவே உட்கார்ந்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூஜின் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

படிப்பு முடிவதற்குள் அவள் ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். தங்கள் ஊர்க் காதல் நகைச்சுவை மாதிரி, கொரிய மொழியில் எடுக்கப்போகிறேன் என்றாள். போகிற டேட்டெல்லாம் நாசமாகிற ஒரு பெண். ஒவ்வொரு நாசத்துக்குப் பிறகும் அவள் ‘கென்சனாயோ’ என்பாள், பரவாயில்லை என்று அர்த்தம். கடைசியில் அவள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒருவன்தான் சரியான ஆள் என்று தெரியவரும். வாராவாரம் வளைந்த கண்ணாடியோடு வருகிறவன். மழையில் டிராம் நிறுத்தத்தில் குடையோடு காத்து நிற்பான். படம் முடிந்தது.

“நீங்கள்தான் நடிக்க வேண்டும்” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு என்னவோ போலிருந்தது. “அந்த ஆளையா ஹீரோவா வைக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“படத்தில எண்டாலும் ஒருத்தர் சரிவரட்டுமன்” என்றார் அக்கா.

வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினார். யாழ்ப்பாணத்து இழுவையில் கொரியன். பால் பொங்கி வழிந்தாலும் ‘கென்சனாயோ’, பஸ்ஸைத் தவறவிட்டாலும் ‘கென்சனாயோ’. படகுக் காட்சியும் சாப்பாட்டுக் கடைக் காட்சியும் எடுத்தபோது நானும் கூடப் போனேன். அக்கா நன்றாகவே நடித்தார். கேமராவுக்கு முன்னால் அவர் சிரித்தது லேசான, சாதாரணச் சிரிப்பு. கைகள் தளர்வாக இருந்தன. அந்த ஒரு மாதம்தான் அவரை நான் பயமில்லாமல் பார்த்தேன்.

கடைசிக் காட்சியை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வைத்தாள் சூஜின். அக்கா கடைக்கு விடுப்பு சொல்லியிருந்தார். வீட்டுக்குப் பக்கத்து டிராம் நிறுத்தம். கேட்டு வாங்கிய மழைபோல் சரியாகத் தூறிக்கொண்டிருந்தது. கதாநாயகனாக சூஜினின் வகுப்பிலிருந்து ஒரு கொரியப் பையன், கோணல் கண்ணாடி மாட்டிக் குடை பிடித்து நின்றான். கேமராவில் நீர் படாமல் இன்னொரு குடையைப் பிடிப்பது என் வேலை.

டிராம் வந்தது. அக்கா இறங்கினார். பையனைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். ஆனால் அவர் சிரித்துவிட்டார்.

“நல்லா இருக்கு. கொஞ்சம் குறைத்துச் சிரியுங்கள்” என்றாள் சூஜின். முந்தைய நிறுத்தத்துக்குப் போய் மறுபடி ஏறி வர வேண்டாம், மேடையில் நின்றே எடுக்கலாம் என்றாள். இரண்டாம் முறை அக்கா குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூஜினுக்கு ஒரே மகிழ்ச்சி. “நிறுத்தாதீர்கள், அப்படியே” என்று கிசுகிசுத்தாள்.

நான் கையைப் பார்த்தேன். விரல்கள் வெளுத்துப்போய் இறுகியிருந்தன. அக்காவின் கண் குடை பிடித்தவன் மேல் இல்லை. அவனைத் தாண்டி, எதிர் மேடையில் நின்றது. அங்கே ஒரு ஆள் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். நல்ல கோட், வாரிய தலை. முகத்தில் கண்ணாடி இல்லை. கையில் வைத்திருந்தார்.

“சூஜின், நிறுத்து. இது நடிப்பு இல்லை.”

அவள் திரும்புவதற்குள் அந்த ஆள் தண்டவாளத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவசரமே இல்லாத நடை. கொரியப் பையனின் முகத்திலிருந்த கோணல் கண்ணாடியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் அப்படியே மலர்ந்தது.

“படம் எடுக்கிறீங்களோ?” என்று அக்காவிடம் கேட்டார். “என்னைக் கேட்டிருக்கலாமே. இது நான்தானே.”

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் கொட்டியது.

அந்த ஆள் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார், “பாருங்கோ, அவவுக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு.”

“சந்தோஷம் இல்லைங்க. பயந்துபோய்ச் சிரிக்கிறாங்க” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. “நீங்கள் இந்தியாவோ? எங்கட ஆக்களை உங்களுக்கு விளங்காது, தங்கச்சி.”

நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சிரிப்புக்கு நடுவில், மூச்சுக்கு நடுவில், அவர் சொன்னார்: “வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டாம். போங்கோ.”

“சரி. நான் காத்திருக்கிறன்” என்று தலையாட்டிவிட்டு, மறுபடி தண்டவாளத்தைக் கடந்து, நின்ற இடத்திலேயே போய் நின்றுகொண்டார்.

நாங்கள் பக்கத்திலிருந்த கடைக்குள் போய்க் கதவோரம் நின்றோம். எத்தனையோ டிராம் வந்து போயின. அவர் எதிலும் ஏறவில்லை. கடைசியில் கொரியப் பையன் டாக்சி கூப்பிட்டான். சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தோம். வீடு அவருக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் சுற்றுவழியில்தான் வந்தோம்.

வீட்டுக்கார ஆன்ட்டியும் யாழ்ப்பாணம்தான். அவருக்கு அந்த ஆளின் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. “நல்ல பெடியன். சொந்த வீடு இருக்கு. குடி, சிகரெட் ஒண்டுமில்லை. விரும்பித்தானே பின்னால வாறான்? கட்டினால் எல்லாம் சரியாப் போயிடும்” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “இந்தா, இப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சு நீதான் அவனுக்கு இடம் குடுத்தனி” என்று ஆன்ட்டி கையை நீட்டினார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அக்கா சொன்னார், “நான் வேணுமெண்டு சிரிக்கிறேல்லை பிள்ளை. சின்னனில ஷெல் அடிக்கேக்க பங்கருக்குள்ளயும் சிரிச்சனான். எல்லாரும் அழ, எனக்குச் சிரிப்பு வரும். அம்மா வாயைப் பொத்தி வைச்சிருப்பா.”

திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு போட்டு அக்காவை போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். முன்பே ஒரு முறை தனியாகப் போன் செய்திருக்கிறார். பேசத் தொடங்கியதும் சிரிப்பு வந்து, வெட்கப்பட்டு வைத்துவிட்டாராம். அன்றைக்கும் அதுதான் நடந்தது. பெயரைச் சொன்னார், கடையைச் சொன்னார், கண்ணை மூடிக்கொள்வதைச் சொல்ல வந்தபோது வெடித்துவிட்டார். எதிரே இருந்த இளம் பெண் அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார். நான் பதறிப்போய், “பயந்தால் இவங்களுக்கு இப்படித்தான்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, சிரிப்பு ஓயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். “மெதுவாகச் சொல்லுங்கள். எனக்கு வேறு வேலை இல்லை” என்றார். அக்கா ஒருவர் முன்னால் சிரிக்காமல் அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

டிராம் நிறுத்தத்தில் நடந்ததெல்லாம் சூஜினின் கேமராவில் பதிவாகியிருந்தது. அதையும் கொடுத்தோம். அந்த ஆளைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அக்காவின் பக்கத்திலோ கடைப் பக்கத்திலோ வரக்கூடாது. மறுபடி வந்தால் கைது என்று சொல்லி அனுப்பியதாக அந்த அதிகாரியே போன் செய்து சொன்னார்.

சனிக்கிழமைகள் சும்மா போயின. அக்கா கடைக்குப் போய்வந்தார். நானும் அவரும் சேர்ந்தே வருவதற்காக என் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். பேச்சு குறைந்திருந்தது. செயலியை அழித்துவிட்டார். சூஜின் ‘கென்சனாயோ’ என்று கேள்வியாகக் கேட்டால், தலையை மட்டும் ஆட்டுவார்.

பிப்ரவரி முடியும் சமயம், ஒரு காலை வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தோம். கதவோரம் நின்ற ரோசாச் செடி வெட்டப்பட்டிருந்தது. தாறுமாறாக இல்லை. தெரிந்தவர் கை. ஒவ்வொரு கொம்பும் மொட்டுக்கு மேலே சாய்வாக நறுக்கப்பட்டு, வெட்டிய குச்சிகள் ஒரு கட்டாகக் கட்டி மதிலோரம் வைக்கப்பட்டிருந்தன.

“ஆன்ட்டி, செடியை நீங்க வெட்டினீங்களா?” என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

ஆன்ட்டி வந்து பார்த்தார். “நான் தொடேல்லையே” என்றார். அடுத்த நிமிடம் அவர் முகம் மாறிவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார். நல்ல பெடியன் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மெதுவாகச் சொன்னார், “நான் இனி இஞ்ச இருக்க ஏலாது.”

மறுபடியும் புகார் கொடுத்தோம். யார் வெட்டியது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே அக்கா கிளம்பினார். இரண்டு சூட்கேஸ். எங்கே போகிறார் என்று ஆன்ட்டியிடம் சொல்லவில்லை, கடையிலும் சொல்லவில்லை. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். “போய் இறங்கினதும் கோல் எடுக்கிறன், பிள்ளை” என்றார்.

போன் வரவில்லை. பழைய எண் செத்துப்போயிருந்தது. ஒரு செய்தியும் வரவில்லை. முதலில் கவலைப்பட்டேன். பிறகு கோபம் வந்தது. ஷிப்டை மாற்றியவள், போலீஸுக்குக் கூடப் போனவள், எனக்குமா சொல்லக்கூடாது?

சூஜின் படத்தை முடித்தாள். கண்ணாடிக்காரன் வருகிற காட்சிகளையெல்லாம் வெட்டிவிட்டாள். பெண் டிராமிலிருந்து இறங்குகிறாள், மேடையில் யாருமில்லை, வீட்டுக்கு நடக்கிறாள், அவ்வளவுதான் முடிவு. கல்லூரியில் ஒரு சின்ன அறையில் போட்டுக் காட்டினார்கள். படகுக்கும் பக்கத்து மேசை அம்மாவுக்கும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவின் முகம் வெளியில் எங்கும் போகக்கூடாது என்று இணையத்தில் ஏற்றாமல் வைத்துக்கொண்டு சூஜின் சியோலுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த ஆண்டு, ஒரு மத்தியானம், வேலை முடிந்து டிராமில் வந்துகொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

“தங்கச்சி, சுகமோ?”

அதே கோட். கண்ணாடி புதிது. பையை மடியோடு இழுத்துக்கொண்டேன்.

“அவ எங்க இப்ப?”

“தெரியாது.”

“கோல் எடுக்கிறவவோ?”

“இல்லை.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழந்தையிடம் கேட்பதுபோல் உள்ளங்கையை நீட்டினார். “போனை ஒருக்காத் தாங்கோ பாப்பம்.”

டிராமில் ஆட்கள் இருந்தார்கள். கத்தியிருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். நான் போனின் பூட்டைத் திறந்து கொடுத்தேன். அவர் பொறுமையாகத் தேடினார். அக்காவின் பெயரில் செத்துப்போன அந்தப் பழைய எண் இருந்தது. கடைசியாக நான் அனுப்பிய செய்திகள், ‘அக்கா எங்க இருக்கீங்க’, ‘அக்கா கோபமா’, ‘ஒரு வார்த்தையாவது சொல்லுங்க’, பதிலில்லாமல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் படித்தார். புகைப்படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

“தாங்ஸ்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

என் நிறுத்தம் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு நாள் என் போன் அந்த ஆளின் கைக்குப் போகும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தெரியாது என்று சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அத்தனை மாதமும் அவரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்தே அந்தப் பெண் அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சில நாளில் எண்ணை மாற்றினேன். லண்டனின் வேறொரு மூலையில் அறை பார்த்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று ஆன்ட்டியிடம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். இனி அக்காவே ஒரு நாள் பயம் தெளிந்து என்னைத் தேடினாலும், அவரால் கண்டுபிடிக்க முடியாது.